ராணியம்மா இடப்பக்கம் திரும்பினாள்

ஊரே ஒரு கோழியிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, டயர் கடை மாடியில், முன்பு தட்டச்சு வகுப்பு நடந்த கூடத்தில் அந்தக் கோழி குடியிருந்தது. பெயர் ராணியம்மா. பழுப்பு நிறம், கழுத்தில் மட்டும் லேசான வழுக்கை. மாடியில் தொடங்கும் வரிசை படியிறங்கி, டயர்களைச் சுற்றிக்கொண்டு தெரு வரை வந்து நிற்கும். வீடு வாங்கலாமா, வேலையை விடலாமா, மாப்பிள்ளையை நம்பலாமா, மீசையை எடுக்கலாமா? லீவு போடலாமா என்று கேட்பதற்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தார் ஒரு வங்கி மேலாளர்.

முறை ரொம்ப எளிது. நீளமான மேசையின் மேல் பலகை அடித்து ஒரு சந்து. அதன் முடிவில் வழி இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் பச்சைக் கிண்ணம், இடப்பக்கம் சிவப்புக் கிண்ணம். நீங்கள் கேள்வியை உரக்கச் சொல்ல வேண்டும். கோழி பச்சைக்குப் போனால் 'செய்', சிவப்புக்குப் போனால் 'செய்யாதே'. கோழிக்காரர் பக்கத்தில் கண்ணை மூடி நிற்பார். மேலெல்லாம் வெள்ளை உடை, காலில் மட்டும் பளபளக்கும் கறுப்பு ஷூ. ஏன் அந்தப் பதில் என்று கோழியிடம் யாரும் கேட்டதில்லை, அதுவும் சொன்னதில்லை. இந்த ஒரு குணத்துக்காகவே அது பெரிய ஞானி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

எனக்குச் சிரிக்கத் தகுதி கிடையாது. ஓட்டலில் என்ன சாப்பிடுவது என்று தெரியாமல், பக்கத்து மேசைக்காரர் சொல்வதையே நானும் சொல்லிவிட்டு, பிறகு அவர் தட்டையும் என் தட்டையும் மாறி மாறிப் பார்க்கிற ஆள் நான். கோழியிடம் போக அண்ணன் துணைக்குக் கூப்பிட்டதும் போனேன்.

அண்ணன் தையற்காரர். இரண்டு கண்ணிலும் புரை. போன மாதம் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்.

"என்னண்ணே, பை முதுகுல இருக்கு?"

"போட்டுப் பாரு. பழகிடும்."

எனக்குப் பழகிவிட்டது. வாடிக்கைக்காரர்களுக்குப் பழகவில்லை. ஒவ்வொருவராக எதிர்ச் சாரிக் கடைக்கு நடையைக் கட்டினார்கள். கண் டாக்டர் வியாழக்கிழமைக்கு அறுவை சிகிச்சை குறித்திருந்தார். இன்னும் தள்ளினால் புரை முற்றிக் காரியம் சிக்கலாகிவிடும், பிறகு தொழிலை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் எச்சரித்திருந்தார். அண்ணன் வாழ்நாள் முழுக்கக் கத்திரி பிடித்தவர். கூர்மையான எதையும் இன்னொருவர் பிடிப்பதுதான் அவருக்கு ஆகாது.

"ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்று கோழியிடம் கேட்டார்.

ராணியம்மா நடந்தாள். வழி பிரியும் இடத்தில் நின்று தலையைச் சாய்த்தாள். பின்னால் ஒருவர் இருமலை விழுங்கினார். எங்கோ 'டக் டக்' என்று சத்தம் வந்தது. பழைய கட்டடம், எலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ராணியம்மா இடப்பக்கம் திரும்பினாள். சிவப்பு.

கோழிக்காரர் கண்ணைத் திறந்தார். "கத்தி வேண்டாங்கறா. வெளியில என் மைத்துனர் சொட்டு மருந்து வச்சிருக்கார். அவ கூடையிலயே ஒரு ராத்திரி இருந்த மருந்து. காலையில ரெண்டு சொட்டு, சாயந்திரம் ரெண்டு சொட்டு."

யாருக்குச் சிவப்பு விழுந்தாலும் அதற்கென்று மைத்துனரிடம் ஒரு புட்டி இருந்தது. ராணியம்மாவின் கருணை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அண்ணி அப்படி நினைக்கவில்லை. "ஏங்க, கண்ணு உங்களுது. அந்தக் கோழிக்கு என்ன வந்தது? ஊருக்கே வழி சொல்றது, தன் முட்டை எங்க போகுதுன்னு கேட்டுச்சா?"

அன்றைக்கே தன் தங்கையை வரவழைத்தார். அந்தப் பெண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறவள். விலங்குகளின் மூளை எப்படி வழியைத் தேர்ந்தெடுத்துக் காலை நகர்த்துகிறது என்பது அவள் படிப்பு. நாள் முழுக்கக் கோழிகளோடும் எலிகளோடும் புழங்குவதால் எங்கள் குடும்பத்தோடு எளிதாக ஒட்டிக்கொண்டாள்.

"மாமா, கோழி மூளை வேர்க்கடலையை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனா லேசா நினைக்காதீங்க. ரெண்டு வழி வந்தா உள்ளுக்குள்ள ஒரு தேர்தலே நடக்கும். வலது பக்கம் போன்னு ஒரு கூட்டம், இடது பக்கம் போன்னு ஒரு கூட்டம். முன்னாடி எந்தப் பக்கம் தீனி கிடைச்சுதோ, அந்தக் கூட்டத்துக்குக் குரல் ஓங்கும். ஜெயிச்ச கூட்டம் காலுக்கு உத்தரவு போடும், மத்தது அடங்கிடும். ஒரு சத்தம் கேக்கும்போதெல்லாம் ஒரே பக்கம் தீனி கிடைச்சா, அப்புறம் சத்தம் கேட்டதுமே கால் தானா திரும்பிடும்."

"அப்போ என் கண்ணு?"

"உங்க கண்ணு அந்தத் தேர்தல்ல நிக்கவே இல்ல, மாமா."

அண்ணன் யோசித்தார். "நீ படிச்சவ, என்ன வேணா சொல்லுவ. கோழி படிக்காதது. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"சரி, நாளைக்கு என்னோட வாங்க. நானும் ஒரு கேள்வி கேக்கறேன்."

மறுநாள் நானும் அவர்களோடு போனேன். அவள் முறை வந்தது. கோழிக்காரர் கண்ணை மூடினார். "கேளும்மா."

அவள் ராணியம்மாவைத் தூக்கினாள். கண்ணுக்குப் பின்னால் இருந்த இறகை விரலால் விலக்கி, அங்கே வாயை வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கீழே விட்டாள். கோழிக்குக் காது இருக்கும் இடமே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

கோழிக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "என்ன கேட்டே? உரக்கச் சொல்லணும்."

"ஏங்க, பதில் சொல்றது அவங்கதானே? நீங்க எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?"

வரிசையில் யாரோ சிரித்தார். கோழி பிரியும் இடத்தில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கோழிக்காரர் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். இந்த வயசுப் பெண் வேறென்ன கேட்கப் போகிறாள், கல்யாணம்தான் என்று தீர்மானித்திருக்க வேண்டும். 'டக்.' ராணியம்மா வலப்பக்கம் போய்ப் பச்சைக் கிண்ணத்தைக் கொத்தினாள்.

"மங்களம்," என்றார் கோழிக்காரர். "நீ கேட்டது நடக்கும்."

"இவர் ஏமாத்துக்காரர்தானேன்னு கேட்டேன்."

அடுத்த கணம் வங்கி மேலாளர் கையைத் தலைக்கு மேல் கூப்பினார். "பாத்தீங்களா, வளர்த்தவர்னுகூடப் பாக்காம உண்மையைச் சொல்லிட்டா. தெய்வப் பிறவி."

அண்ணியின் தங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சார், அதுக்கு நாம பேசறது புரியாது. பதில் சொன்னது இவரு."

யாரும் கேட்கவில்லை. பாதிப் பேர் கோழியைக் கும்பிட முண்டியடித்தார்கள். அண்ணனுக்குப் பதற்றம். பதறினால் அவர் விரலில் எப்போதும் மாட்டியிருக்கும் நூல் வெட்டும் சின்னக் கத்திரி தானாக அடித்துக்கொள்ளும். 'டக் டக்.' கும்பிட்ட கைகளுக்கு நடுவே கோழி விருட்டென்று சிவப்புக்கு ஓடியது.

அண்ணன் கத்திரியைப் பார்த்தார். பிறகு கோழி இருந்த திசையைப் பார்த்தார். யாரோ அதைத் தூக்கிச் சந்தின் தொடக்கத்தில் விட்டதும் ஒரு முறை அடித்தார். பச்சை. மறுபடி விட்டதும் இரண்டு முறை. சிவப்பு.

"அன்னைக்கு எனக்கும் ரெண்டு தடவை கேட்டுச்சு," என்றார் மெதுவாக. "ஐயா, அந்த ஷூவைக் கொஞ்சம் கழட்டுங்க."

ஐயா மாட்டேன் என்றார். தம் கூப்பிய கையைப் பிரித்து, வங்கி மேலாளரே கழற்றினார். கட்டைவிரல் படும் இடத்தில் ஒட்டியிருந்தது ஒரு ஜாம் புட்டி மூடி. அழுத்தினால் 'டக்'. ஊரின் எதிர்காலம் முழுவதும் அதற்குள் இருந்திருக்கிறது. மைத்துனர் புட்டிகளை விட்டுவிட்டுப் படியிறங்கிய வேகம், அவருக்கு முடிவெடுக்கக் கோழி தேவையில்லை என்று காட்டியது.

இனியாவது தெளிவார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், வரிசை அண்ணனுக்கு முன்னால் நின்றது.

"தையற்காரரே, உங்க கத்திரியால எனக்கு ஒண்ணு பாத்துச் சொல்லுங்களேன். மாப்பிள்ளையை நம்பலாமா?"

"முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு தெரியாம நானே தடவிட்டு இருக்கேன்," என்றார் அண்ணன். "உங்க மாப்பிள்ளையை உங்களுக்குத் தெரியுமா, என் கத்திரிக்குத் தெரியுமா? போய் அவரோட நாலு வார்த்தை பேசுங்க."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்காண்ணே?"

"ரொம்ப. உள்ள ரெண்டு கூட்டமும் கத்துது. ஓடிடுன்னு ஒண்ணு, போன்னு ஒண்ணு."

"எது ஜெயிக்குது?"

"இருடா, எண்ணிட்டு இருக்கேன்."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யாரும் எந்தச் சத்தமும் போடாமலே காலை எடுத்து உள்ளே வைத்தார். பக்கத்தில் நின்ற காவலாளியிடம் மருந்துக் கடை எங்கே என்று தேவையில்லாமல் விசாரித்தேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடத்தில் பிழைப்புக்கு வழி தேடி இரண்டே பேர் மூளையை உபயோகித்தார்கள். ஒருவர் கோழிக்காரர், இன்னொருவர் கோழி. யோசனை கேட்க வந்த நாங்கள் எல்லோரும் அந்தக் கோழியினுடையதை விடப் பல மடங்கு பெரிய மூளையைக் கழுத்து வலிக்கச் சுமந்துகொண்டு, அதன் தயவுக்காகப் படிக்கட்டில் நின்றோம். சுமக்கிறதுதான் சுமக்கிறீர்கள், உபயோகித்தும் பாருங்கள். கோழியே உபயோகிக்கிறது.