கிர்கிஸ்தான் சம்பந்தி வீட்டில் நான் முகம் துடைத்த கதை

ஒரு நாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போகிறவனால் யாருக்கும் ஆபத்தில்லை. வாயை மூடிக்கொண்டு, வைத்ததைத் தின்றுவிட்டு வந்துவிடுவான். முக்கால்வாசி படித்துவிட்டுப் போகிறவன்தான் விருந்தைக் கெடுப்பான். நான் முக்கால்வாசி படித்துவிட்டுப் போனவன்.

என் மகள் யாழினி, தான் விரும்பும் பையனின் பெயர் அஸாமத், நாடு கிர்கிஸ்தான் என்று சொன்னபோது அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. (மட்டக்களப்பில் படித்த காலத்தில் புவியியல் பாடத்துக்கு நான் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.) என் மனைவி சுகந்தி திசையெல்லாம் பார்க்கவில்லை. நேரே விசயத்துக்கு வந்தாள்.

"அவங்க குதிரை சாப்பிடுறவங்களாமே. உண்மையா?"

"சும்மா இரி. முதல்ல ஆக்களைப் பார்ப்பம்."

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்திலேயே, இல்-பிசார் என்ற பகுதியில் இருந்த பையனின் பெற்றோர் எங்களை ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். பெண்ணைப் பெற்றவன் மொக்கன்போலப் போய் நிற்கக்கூடாது என்று இணையத்தில் 'நாடு, மக்கள், பண்பாடு' என்றொரு நீண்ட பக்கத்தைப் பிடித்து உருப்போட்டேன். புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதுகூட தியான்ஷான் மலைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் கடைசியில் 'சாப்பாட்டு மேசை வழக்கங்கள்' என்று ஒரு பகுதி இருந்தது. சாப்பிடுவதற்கு எனக்கு யார் படிப்பிக்கவேண்டும் என்று அதை மட்டும் விட்டுவிட்டேன்.

பையனின் தகப்பன் பக்கித். தாய் குல்னாரா. இருவருக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது. அஸாமத்தான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தான். வாசலுக்கு நேர் எதிரே, மேசையின் தலைப்பக்கத்தில் என்னை இருத்தினார்கள். விருந்தாளிகளில் மூத்தவருக்கு உரிய இடமாம். ரொட்டி, பொரித்த மாவுத் துண்டுகள், உலர்ந்த பழம், ஜாம் என்று மேசையில் கை வைக்க இடமில்லை. இறைச்சி பிறகு வரும் என்றார்கள்.

உருப்போட்டதை நான் ஒப்புவிக்கத் தொடங்கினேன். பார்க்கும் இடமெல்லாம் மலை. குளிர்காலத்திலும் உறையாத இசிக்-குல் ஏரி. கழுகை வளர்த்து வேட்டையாடும் ஆட்கள். கம்பளியால் கூடாரம் போட்டு, கோடைக்கு மலையேறிப் போகும் மேய்ப்பர்கள். அந்தக் கூடாரத்தின் கூரை வளையம்தான் அவர்களுடைய கொடியில் சூரியனின் நடுவே இருக்கிறது என்று நான் முடித்தபோது பக்கித்தின் கண் கலங்கிவிட்டது.

"இங்கே எல்லாரும் எங்களைக் கஸாக்ஸ்தான் என்றே நினைக்கிறார்கள்," என்று அவர் சொன்னதாக அஸாமத் சொன்னான். "நீங்கள் எங்கள் கொடி வரைக்கும் போயிருக்கிறீர்கள்."

எழுந்து மேல்மாடிக்குப் போனவர், உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பியொன்றைக் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். யாழினி என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகப் பெருமை தெரிந்தது. அந்த ஜூலை வெயிலிலும் தொப்பியைக் கழற்ற எனக்கு மனம் வருமா?

அடுத்தது தேநீர். குல்னாரா கிண்ணத்தில் பாதிகூட ஊற்றவில்லை. குடித்து முடித்தால் மறுபடியும் அதே அளவு. (இவ்வளவு பெரிய வீட்டில் தேத்தண்ணிக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.) நானே கிண்ணத்தை நீட்டி, விளிம்பைத் தொட்டுக் காட்டி, "நிரப்புங்கள்" என்றேன். அந்த அம்மா ஒரு கணம் கணவரைப் பார்த்தார். பிறகு நிரப்பினார். கொஞ்சமாக ஊற்றினால் 'இன்னும் இருங்கள்' என்றும், நிரப்பிக் கொடுத்தால் 'குடித்துவிட்டுக் கிளம்புங்கள்' என்றும் அவர்களுக்கு அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னை நானே கிளப்பிவிட்டிருக்கிறேன்.

"அப்பா உங்களுக்காகத் தூரத்துப் பண்ணை ஒன்றுக்குப் போய் இறைச்சி வாங்கி வந்தார்," என்று சொல்லிவிட்டு அஸாமத் அதை எடுத்துவரக் குசினிக்குப் போனான். யாழினியும் உதவிக்கு எழுந்து போனாள்.

சுகந்தி என் காதுக்குள் சொன்னாள்: "பண்ணையாம். குதிரைதான்."

தலையில் கம்பளி, வயிற்றில் கொதிக்கும் தேநீர், மனதில் குதிரை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. இரண்டு உள்ளங்கைகளாலும் நெற்றியிலிருந்து தாடை வரை முகத்தை வழித்துத் துடைத்தேன்.

உடனே பக்கித்தும் தன் முகத்தை வழித்தார். குல்னாராவும் வழித்தார். இருவரும் சேர்ந்து, "ஓமின்" என்றார்கள்.

'ஆமாம்' என்பதற்கு நாங்கள் சொல்லும் ஓம் போலவே இருக்கிறதே என்று, நானும் சந்தோசமாக, "ஓம், ஓம்" என்றேன்.

அவர்கள் எழுந்துவிட்டார்கள். குல்னாரா தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். பக்கித் வாசலைக் காட்டினார். வீட்டைச் சுற்றிக் காட்டப்போகிறார் என்று நினைத்து நாங்களும் எழுந்து போனோம். அங்கே அவர், நான் காலிலிருந்து கழற்றி வைத்திருந்த சப்பாத்தைக் குனிந்து எடுத்துத் தந்தார்.

அந்த நேரம் பார்த்து, ஆவி பறக்கும் பெரிய தாம்பாளத்தோடு அஸாமத் குசினியிலிருந்து வந்தான். ஒற்றைச் சப்பாத்தும் வெள்ளைத் தொப்பியுமாக நான் நின்றேன்.

பக்கித் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அஸாமத்தின் முகம் வெளுத்தது.

"அங்கிள், ஓமின் என்றால் ஆமென். மூத்த விருந்தாளி அப்படி முகத்தை வழித்தால், பிரார்த்தித்துச் சாப்பாட்டை முடித்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் வாயில் எதையும் வைக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் என்ன குறை கண்டீர்கள் என்று அப்பா கேட்கிறார்."

யாழினியின் கண்ணில் தண்ணீர். "அப்பா, என்ன செய்து வைச்சிருக்கிறீங்க?"

"ஐயோ மகள், வேர்வையைத் துடைச்சன்," என்றேன். அவர்களுக்கும் விளங்கவேண்டுமே என்று, தொப்பியைக் காட்டி, வியர்வையைக் காட்டி, மறுபடியும் இரண்டு கையாலும் முகத்தை வழித்துக் காட்டினேன்.

பழக்கதோசத்தில் அவர்களும் மறுபடியும் வழித்து, "ஓமின்" என்றார்கள்.

முதலில் சிரித்தது குல்னாராதான். சிரித்துச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். பக்கித் என் தலையிலிருந்த தொப்பியைத் தானே கழற்றி, ஒரு துவாயை என் கையில் தந்தார்.

திரும்பவும் மேசைக்குப் போனோம். தாம்பாளத்தில் இருந்தது ஆட்டிறைச்சியும் பட்டையாக வெட்டிய மாவும். அதன் பெயருக்கே 'ஐந்து விரல்' என்றுதான் அர்த்தமாம், கையால்தான் சாப்பிடவேண்டும். அன்றைக்கு நான் பிழை விடாமல் செய்த ஒரே காரியம் அது. சுகந்தி ஆடுதான் என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, எல்லாரையும்விட அதிகமாகச் சாப்பிட்டாள்.

பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. இப்போது சம்பந்திகள் கர்க்லாண்டில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். சுகந்தி பரிமாறினால் 'போதும்' என்ற சொல் எந்த மொழியிலும் அவள் காதில் விழாது. நண்டுக் கறிச் சட்டியோடு அவள் மறுபடியும் நெருங்கும்போது பக்கித் பரிதாபமாக என்னைப் பார்ப்பார். நான் மெல்லத் தலையாட்டுவேன். இரண்டு பேரும் முகத்தை வழித்து, "ஓமின்" என்போம்.

"துவங்கிற்றாங்க," என்று சொல்லிக்கொண்டு அவள் சட்டியோடு குசினிக்குத் திரும்பிவிடுவாள். போன தடவை கைகளை இறக்கிய பிறகுதான், கடைசியில் வரவேண்டிய இனிப்பான வட்டிலப்பம் இன்னும் வரவில்லை என்பது எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது. எவ்வளவு கெஞ்சியும் அவள் அதை வெளியே எடுக்கவேயில்லை.