சேவலையும் சேர்த்து எண்ணலாமா?

பாலோகாவ் தொடக்கப்பள்ளி,
திங்கட்கிழமை, மழை.

பேரன்புள்ள லிகாயா அக்காவுக்கு,

உங்கள் கையை என் நெற்றியில் ஒற்றிக்கொண்டு தம்பி வெனான்சியோ எழுதுவது. லெகாஸ்பியில் நீங்களும் அத்தானும் ரொட்டிக் கடையும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். நான் நலமா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

புயல் போய் ஒன்பது நாளாகிறது. ஊரில் கூரை மிஞ்சியது என் பள்ளிக்கு மட்டும்தான் என்பதால் மீனவர்கள் குடும்பத்தோடு வகுப்பறைகளில் இருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தது. அடைக்கலம் புகுந்தவர்களைத் தொந்தரவு செய்யாதே என்கிறது ஒன்று. கல்விச் சீர்திருத்தம் தொடங்கிவிட்டது, திங்களன்று வகுப்பு நடக்க வேண்டும், நாற்பது பிள்ளைக்குக் குறைந்தால் அக்கரைப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்கிறது மற்றது. அந்த மூங்கில் பாலத்தில் நானே கண்ணை மூடிக்கொண்டுதான் போவேன். பிள்ளைகள் போகமாட்டார்கள், படிப்பு அதோடு சரி. எதற்குப் பணிவது என்று புரியாமல் இரண்டுக்கும் ‘ஆகட்டும்’ என்று பதில் போட்டுவிட்டேன்.

இன்று வந்தவர்கள் முப்பத்தொரு பிள்ளைகள். மற்றவர்கள் பறந்துபோன தகரம் பொறுக்கப் போய்விட்டார்கள். கரும்பலகைப் பக்கம் பாடம், பின்பக்கம் அடுப்பு. மூன்றாம் வகுப்பின் புத்தக மூலையில் மீனவர் மனோய் தேலோவின் சண்டைச் சேவல். வெளியே கட்டச் சொன்னேன். “வீடு போச்சு, படகு போச்சு, மிச்சம் இவன் ஒருத்தன்தான் சார். நனைஞ்சா சளி புடிச்சிக்கும்” என்றார். அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் ஒலிவாரெஸ் அம்மையார் வாசலில் காலை வைத்தார். விருந்தாளி வந்தால் வகுப்பே எழுந்து ராகம் போட்டு வணக்கம் சொல்லுமே, பிள்ளைகள் எழுந்தார்கள். பின்பக்கமும் எழுந்தது அக்கா! எல்லாரும் இங்கே படித்தவர்கள், உடம்பு தானாக எழுந்துவிட்டது. கரண்டியோடு ஊர்த் தலைவர், இடுப்பைப் பிடித்தபடி ஒரு நிறைமாதக்காரி. “கா…லை வணக்கம் மேடம்!” சேவலும் கூவியது. அம்மையார் எண்ணி ‘ஐம்பத்திரண்டு’ என்று எழுதினார். பள்ளி பிழைத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“மேடம், பின்னாடி இருக்கறவங்க பெத்தவங்க.”

“மீசை வெச்சிருக்காரே, அவருமா?”

“அவரு ஊர்த் தலைவர் மேடம்.”

“மூணாங்கிளாஸ் டீச்சர் எங்க?”

“அவங்க வீட்டுக் கூரையைத் தேடிப் போயிருக்காங்க மேடம்.”

ஐம்பத்திரண்டை அடித்துவிட்டு ‘முப்பத்தொன்று’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். என் பள்ளியை என் வாயாலேயே மூடிவிட்டேன். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. கடையில் மாவு பிசைய ஆள் கேட்டீர்களே, நான் வருகிறேன். ராஜினாமா எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். மாதா உங்கள் கூரையையாவது காக்கட்டும்.

அன்புத் தம்பி,
வெனான்சியோ

பி.கு.: மாவு பிசைய வேறு ஆள் பாருங்கள். மூங்கில் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அம்மையார் திரும்பி வந்து சேவலுக்குப் பக்கத்தில் பாய் போட்டிருக்கிறார். “என்னாலயே தாண்ட முடியல, சின்னப் பிள்ளைங்க எப்படிய்யா போகும்?” என்று, ஏதோ நான்தான் சேர்க்கச் சொன்னதுபோல, என்னைத் திட்டுகிறார். மூன்றாம் வகுப்பை அவரே எடுக்கிறார். பள்ளி இங்கேயே இருக்கவேண்டும் என்று புதிய அறிக்கையும் எழுதுகிறார். நனையாத தாள் வேறு இல்லாததால் என் ராஜினாமாவின் பின்பக்கத்தில் எழுதுகிறார். தன் பெயரை ஆசிரியர் பட்டியலில் போடுவதா, அடைக்கலம் புகுந்தவர் பட்டியலில் போடுவதா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், இரண்டுக்கும் ‘ஆகட்டும்’ என்றேன்.