தலைவரை ஆற்றில் இறக்கியவன்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நடவாத ஒன்றை நடந்ததாக எழுதி அச்சேற்றிய குற்றத்தை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். (எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்தாளன் என்னும் மிடுக்கு வந்தால் இப்படித்தான் ஆகும்.)

அம்பாசமுத்திரத்தில் விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் கண்டு, ஒருமுறை சட்டமன்றமும் சென்ற தலைவரின் வரலாற்றை, அவரை அறிந்த முதியோரின் வாய்மொழி கொண்டே எழுதத் துணிந்தேன். அவர் மகள் பேச்சியம்மாள் ஒன்றே கேட்டார்.

"மேடையில எங்கப்பாவப் பத்தி ஆயிரம் பொய் சொல்லியாச்சு அண்ணாச்சி. நீங்களாவது உள்ளத எழுதுங்க."

முதற்சாட்சி, சங்கக்கொடி பிடித்த சுடலைமுத்து. தாமிரபரணிப் படித்துறையில் அமர்ந்தோம். மருத மரங்களின் நிழல் நீரோடு நழுவிக்கொண்டிருந்தது. என் மனமும் உடன் நழுவியது. பெருவெள்ளத்தன்று மறுகரையில் சிக்கிய குடும்பங்களிடம் தலைவர் எவ்வாறு சென்றார் என்று வினவினேன். சுடலைமுத்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வெள்ளத்தைக் கிழித்துச் செல்லும் இரு கரங்கள் என் கண்முன் தோன்றிவிட்டன.

"நீந்தியே போயிருப்பாரோ?"

"இருக்கும் வே."

(வந்தவர் மனம் நோகலாகாது என்னும் மரியாதை அது. எனக்கோ ஆதாரம்!)

அச்செய்தி எனக்கு முன்பே பேருந்தேறிவிட்டது போலும். அடுத்த ஊரில் ஒருவர், "வேட்டியத் தலையில கெட்டிக்கிட்டுல்லா நீந்துனாவ!" என்றார். அதற்கடுத்த ஊரிலோ, "சங்கக்கொடிய வாயில கவ்விக்கிட்டுப் போனாவ, நான் பாத்தேம்லா!" இப்படியே ஏழு சாட்சிகள்! பேச்சியம்மாளிடம் மட்டும் கேட்கவில்லை. மகள் சொல்வது பாசம், சாட்சியாகாது என்பது என் மேதைமை.

வெளியீட்டு விழாவில் அவ்வத்தியாயத்தைக் குரல் தழுதழுக்க வாசித்தேன். கரவொலி அடங்கியதும் பேச்சியம்மாள் எழுந்தார்.

"எங்கப்பாவுக்கு நீச்சலே தெரியாது. தண்ணின்னாலே பயம். படகு வார மட்டும் கரையில உக்காந்து அழுதாவ. பொறவு கண்ண மூடிக்கிட்டு மொத ஆளா ஏறுனாவ."

நான் முன்வரிசையில் இருந்த சுடலைமுத்துவைப் பார்த்தேன்.

"என்னய எதுக்குவே பாக்கீரு? நீருதான சொன்னீரு!"

மண்டபமே சிரித்தது. பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. "அவுக அழுதத எழுதியிருக்கலாம்லா அண்ணாச்சி," என்றார் பைய.

இன்றும் குழம்பில் உப்பில்லை என்று நான் சொன்னால், "ஏழு சாட்சி உண்டா?" என்கிறாள் என் மனைவி. அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் சென்ற வாரம் பேருந்து ஆற்றுப்பாலத்தைக் கடக்கையில், ஒரு தாய் தன் குழந்தைக்குச் சன்னல் வழியே காட்டினாள்: "இங்கனதான் அவுக நீந்துனாவ."

அந்நூல் தங்களிடம் இருக்குமாயின், இத்தாளையும் அவ்வத்தியாயத்தினுள் வைத்துப் பாதுகாக்க வேண்டுகிறேன்.