ரெண்டு சொட்டு எண்ணெய்

அம்புக்குறி திரையின் நட்டநடுவில் நின்றுவிட்டது. தலைமையாசிரியர் மவுசை இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் இழுத்தார், தூக்கி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். அம்புக்குறி அசைந்து கொடுக்கவில்லை.

காலையிலிருந்து வீட்டில் இதே கூத்துதான். இணைய வயரைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடும். வயரைச் செருகிய மறுநொடி சிலையாகிவிடும். அணைத்துப் போட்டுப் பார்த்தார். வேறு ஓட்டையில் செருகிப் பார்த்தார். பள்ளியில் ஆயிரம் பிள்ளைகளை ஒற்றை அதட்டலில் அடக்குகிறவர், இந்தப் பெட்டியையும் அதட்டிப் பார்த்தார்.

அவருக்கு அவசரம். பதினொரு மணிக்கு இணையவழிக் கூட்டம். வட்டாரத்து ஆசிரியர்கள் அத்தனை பேரும் கேட்கப் போகிறார்கள். கல்வி அதிகாரியே தலைமை. 'மாணவர் பேசட்டும், நாம் கேட்போம்' என்பது இவர் பேசப்போகும் தலைப்பு. பேச்சு எடுபட்டால் ஆசிரியர் பயிற்சி நிலையத்தின் தலைமைப் பதவி இவருக்குத்தான் என்று அதிகாரி சாடைமாடையாகச் சொல்லியிருந்தார். பேச்சுக்கான படங்களோ பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தன.

மோடத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் உதவி எண் அச்சிட்டிருந்தது. பாதி அழிந்த எழுத்து. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உற்றுப் பார்த்து, தன் செல்போனில் அழைத்தார். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தார்.

"ஹலோ, யாருங்க?" என்றது ஓர் ஆண் குரல். பின்னால் ஏதோ பெரிய இயந்திரத்தின் இரைச்சல். கம்பெனி பெரிய கம்பெனிதான் என்று தலைமையாசிரியருக்குத் தெம்பு வந்தது.

"நான் தலைமையாசிரியர் பேசறேன். குறுக்கே பேசாதீங்க, முழுக்கச் சொல்லி முடிச்சிடறேன்" என்று ஆரம்பித்தவர், வயர், அம்புக்குறி, கூட்டம், அதிகாரி, பதவி என எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினார்.

"சார், அது வந்து... நான் என்ன சொல்ல வரேன்னா..."

"விளக்கமெல்லாம் அப்புறம். என் மானமே இதுல இருக்கு. முதல்ல என்ன செய்யணும், அதை மட்டும் சொல்லுங்க!"

 மறுமுனையிலிருந்து பெருமூச்சு ஒன்று வந்தது.

"நல்லா ஓடிக்கிட்டு இருந்தது திடீர்னு நின்னு போச்சுங்களா?"

"அதேதான்!"

"சூடா இருக்கான்னு தொட்டுப் பாருங்க."

தொட்டார். "ஆமா, சுடுது!"

"அப்ப கொஞ்சம் காத்துப் படட்டும் சார்."

இதுதான் நிபுணத்துவம் என்று வியந்தபடி மேசை விசிறியை எடுத்து வந்து முழு வேகத்தில் வைத்தார். கம்ப்யூட்டருக்குக் காற்று பட்டதோ இல்லையோ, பக்கத்தில் இருந்த பேச்சுத் தாள்கள் எழுந்து பறந்தன. நாலைந்து தாள்கள் சன்னல் வழியே வெளியேறின. முடிவுரை எதிர்வீட்டு மாடியில் போய் இறங்கியது.

"பறந்துடுச்சுய்யா!"

"எது சார்?"

"அதை விடுங்க. இன்னும் அப்படியேதான் நிக்குது. அடுத்து?"

"தூசி அடைச்சிருக்கும். மூடியைக் கழட்டி ஊதி விடுங்க. ஆனா சார், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"கழட்டறேன், கழட்டறேன்!"

கழற்றினார். கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். உள்ளே இருந்த தூசி மொத்தமும் கிளம்பி அவர் முகத்தில் அப்பிக்கொண்டது. அவர் போட்ட தும்மலில் பக்கத்து அறைக் கதவு திறந்தது. இரவுப் பணி முடிந்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்த மனைவி நின்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"நிபுணர் லைன்ல இருக்காரு. உன்னோட முடி உலர்த்தற மிஷினைக் கொடு."

"எதுக்கு?"

"ஊதறதுக்கு. எனக்கு மூச்சு போதலை."

அவள் தருவதற்குள் அவரே போய் எடுத்து வந்தார். விசிறி, கம்ப்யூட்டர் எல்லாம் மாட்டியிருந்த அதே பலகையில் அதையும் மாட்டினார். பட்டென்று ஒரு சத்தம். விசிறி நின்றது. கம்ப்யூட்டர் அணைந்தது. வீடே அமைதியானது.

"இப்ப எல்லாமே நின்னு போச்சு!" என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

"எங்களுக்கும் மாசத்துக்கு ஒரு தடவை இப்படி ஆகும் சார்" என்று குரல் ஆறுதல் சொன்னது.

மனைவி வாசலருகே இருந்த மின்பெட்டியைத் திறந்து, விழுந்திருந்த விசையை ஏற்றிவிட்டு வந்தாள். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. ஆனால் இப்போது உள்ளே இருந்து கீச்கீச் என்று ஒரு புதுச் சத்தம்.

"கேக்குதா? கேக்குதா?" என்று போனைத் தூக்கிப் பெட்டிக்குள் காட்டினார்.

"சுத்தறது காய்ஞ்சு போயிருக்கு சார். எண்ணெய் போடணும். ரெண்டு சொட்டு போதும்."

மனைவி இடுப்பில் கை வைத்தாள். "கம்ப்யூட்டருக்கு எண்ணெயா? என்னங்க சொல்றாரு அவரு?"

"உனக்கு ஊசி போடத் தெரியும். இது தொழில்நுட்பம். பெரியவங்க சொன்னா அதுல ஏதாவது இருக்கும்."

"நீங்க அவரை ஒரு வார்த்தை பேச விட்டா, அவரு யாரு எவருன்னு நானாவது கேப்பேன்."

"நேரமில்ல!"

தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து உள்ளே சுழன்ற விசிறிமேல் சாய்த்தார். அவசரத்தில் இரண்டு சொட்டு என்பது கால் குப்பியானது. விசிறி வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியே சுவருக்கும், கூரைக்கும், கூட்டத்துக்கென்று இஸ்திரி போட்டு அணிந்திருந்த வெள்ளைச் சட்டைக்கும் திருப்பிக் கொடுத்தது. கீச்கீச் நின்றது. திரை இருண்டது. பெட்டியின் மூலையிலிருந்து மெல்லிய புகை ஒன்று கிளம்பி, போகிற வழி தெரியாமல் நின்றது.

"இப்ப சத்தம் போயிடுச்சுங்களா சார்?" என்றது குரல், உண்மையான அக்கறையோடு.

"எல்லாமே போயிடுச்சு!"

தலைமையாசிரியர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். புருவத்தில் எண்ணெய், மீசையில் தூசி. கோபம்கூட வரவில்லை.  இத்தனை வருஷம் காத்திருந்த பதவி புகையாகப் போவதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரத் துண்டால் அவர் முகத்தைத் துடைத்தாள். ஒரு துப்பட்டாவை எடுத்து எண்ணெய்ச் சட்டைக்கு மேல் சால்வைபோல் போர்த்தினாள். பிறகு தன் செல்போனில் கூட்டத்தைத் திறந்து, இரண்டு டப்பாக்களுக்கு நடுவே நிறுத்தி வைத்தாள்.

"படம் இல்லாட்டி என்ன? வாயால பேசுங்க. அது உங்களுக்குப் புதுசா?"

சின்னத் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். நடுவே கல்வி அதிகாரி சிரித்தபடி அறிமுகம் செய்துகொண்டிருந்தார். "எதிராளி பேசும்போது பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்பதில் நம் தலைமையாசிரியருக்கு நிகர் அவரேதான். அவரை அன்போடு அழைக்கிறேன்!"

கட்டங்களில் கைகள் தட்டின. தலைமையாசிரியர் துப்பட்டாவைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்தார். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

"சார், இருக்கீங்களா?" என்று மேசைமேலிருந்து இன்னொரு போன் கூப்பிட்டது.

இந்த ஆள் இன்னும் போனை வைக்கவில்லை! தலைமையாசிரியர் கூட்டத்தையே மறந்து அந்தப் பக்கம் பாய்ந்தார். "யோவ், என் கம்ப்யூட்டரையே கொன்னுட்டியேய்யா! உனக்கு மேல அதிகாரி யாரு? பேரைச் சொல்லு. இப்பவே புகார் கொடுக்கறேன்!"

கட்டங்களில் கைத்தட்டல் நின்றது. அத்தனை முகங்களும் காதைத் தீட்டிக்கொண்டன. ஸ்பீக்கரில் அந்தக் குரல் கணீரென்று வந்தது:

"எனக்கு மேல யாரும் இல்லீங்க சார், இது மாவு மில்லு. ராங் நம்பர்னு சொல்லத்தான் காலையிலேர்ந்து வாயைத் திறக்கறேன், நீங்க எங்க பேச விட்டீங்க?"