கைப்பிடி மாதிரிகள் ஐந்தும் வந்து சேர்ந்தன

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே என் வலது மணிக்கட்டு நீங்கலாக எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும் என் மகளும், உங்கள் கத்திப் பட்டறை இயந்திரங்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. மாவுக்கட்டுப் பிரித்த ஐந்து மாதத்தில் நானே பேனா பிடித்து எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோழி கிளறியது போல் இருந்தால் கோழியை மன்னித்து விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

முதலில் என் மனப்பூர்வமான நன்றி. பெண்ணைக் கொடுத்தவன் நான், சம்பந்தியிடம் போய் ஒரு கத்திக்காக நிற்பதா என்று கூச்சமாகத்தான் இருந்தது. பல்பு மாற்ற முக்காலியில் ஏறி, பல்பை மாற்றாமலேயே இறங்கி, அதுவும் கையை ஊன்றி இறங்கி, மணிக்கட்டை முறித்துக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. பார்சல் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கயிறு அறுத்த என் மடக்குக் கத்தி, ஓய்வுக்குப் பிறகு பழம் நறுக்கும் உத்தியோகத்துக்கு மாறியிருந்தது. அதன் வழுவழுப்பான எஃகுக் கைப்பிடி என் கையில் நிற்காமல் மூன்று முறை நழுவியது. மூன்றாவது முறை கால் கட்டைவிரலுக்கு அரை அங்குலம் தள்ளி விழுந்தது. என் வீட்டம்மா அதை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். “இன்னொரு தடவ விழுந்துச்சு, பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுட்டுதான் மறு வேலை” என்றாள். அன்றிலிருந்து, பல் முளைக்காத பிள்ளைக்கு நறுக்குவது போல ஆப்பிளை நறுக்கிக் கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு கரண்டியும் வைக்கிறாள். கரண்டியை மட்டும் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிசியோதெரபி அம்மா கொடுத்த ரப்பர் பந்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அது இளஞ்சிவப்பு நிறம். மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் வாசலில் உட்கார்ந்து அதை அமுக்கிக்கொண்டிருந்தால் தெரு என்ன சொல்லும்? பரணில் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் நீங்கள் போனில், “கத்தி மேல தப்பில்ல சம்பந்தி, கைப்பிடிய மாத்திடலாம். எதுல வேணும்னு உங்க கையே சொல்லட்டும்” என்றீர்கள். அந்த வார்த்தைக்கே உங்களுக்கு ஒரு நன்றி. ஐந்து மாதத்தில் என் கையின் அபிப்பிராயத்தை வேறு யாரும் கேட்கவில்லை.

மாதிரிப் பெட்டி வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து நாள், காலையில் நூறு முறை, மாலையில் நூறு முறை இறுக்கிப் பிடித்து விட்டால்தான் அதன் குணம் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். தொழில் தெரிந்தவர் சொன்னால் அதில் காரணம் இருக்கும் என்பதால் ஒரு முறைகூடக் குறைக்கவில்லை. வீட்டம்மாவும் தினமும் சமையலறையிலிருந்து “நூறு ஆச்சா?” என்று கேட்டபடி இருந்தாள். கத்தி விஷயத்தில் அவளுக்கு இவ்வளவு அக்கறை உண்டு என்று நான் நினைத்ததே இல்லை.

முதலில் தேக்கு. பிடிக்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆறாம் நாள் காணவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தால், நாலு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த மேசை ஆடவில்லை. குனிந்து பார்த்தேன். “அதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு, எடுக்கக் கூடாது” என்று உத்தரவாகிவிட்டது. இரண்டாவது, எலும்பு. அதை ஐந்தாம் நாள் மாலை மாடிப்படியில் உட்கார்ந்து பிடித்து விட்டுக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு நாய் வந்து எதிரில் அமர்ந்து, எண்பத்தாறு வரைக்கும் மரியாதையாகக் காத்திருந்தது. எண்பத்தேழில் நான் கையை விரித்தது என் தப்பு. மீதிப் பதின்மூன்றை வெறுங்கையால் முடித்தேன். மூன்றாவது, பித்தளை. பார்வைக்கு ராஜ களை, கனமோ ராஜாவையே தூக்குவது போல. அதைப் பையில் போட்டுக்கொண்டு பூங்காவில் நடக்கப் போனால் கால்சட்டை என்னைவிட வேகமாகக் கீழே போகிறது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இரண்டு சுற்று வந்தேன். எதிரில் வந்த எங்கள் தெருப் பல் டாக்டர், “வயிறு சரியில்லையா சார்?” என்று விசாரித்தார். நான்காவது, அந்தக் கறுப்புக் கார்பன் நார்த் தகடு. கனமே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடி அரை நாள் வீட்டைக் கலைத்துப் போட்டேன்; வீட்டம்மாவும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். கேட்டதற்கு, “இறுக்கிப் பிடிச்சிருந்தீங்க, எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்” என்கிறாள்.

ஐந்தாவதுதான் சம்பந்தி, ஐந்தாவது! துணியை அடுக்கடுக்காகப் பசையில் தோய்த்து அழுத்தி எடுத்த அந்தத் தகடு. ஈரக் கையில் மற்றதெல்லாம் வழுக்கும். இது இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் வீட்டம்மா ஒரு கண்ணாடி ஜாடியை நீட்டினாள். நான் ஏதோ யோசனையில் மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அவள் ஜாடியோடு சமையலறைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள். ஜாடியில் இருந்தது சர்க்கரை.

ஆகவே நன்கு ஆராய்ந்து, கைப்பிடி துணித் தகட்டில்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். நிறம் கரும்பச்சை. திருகாணி பித்தளையில் இருக்கலாம். அந்த அளவு கனத்தைக் கால்சட்டை தாங்கும். உங்கள் உதவியை இந்தக் கை உள்ளவரை மறக்க மாட்டேன்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசீர்வாதம், பேத்திக்கு இரு கன்னத்திலும் முத்தம், சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். எல்லா நலமும் உங்கள் வீட்டு வாசலைத் தேடி வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: என் கடிதம் எதுவும் வீட்டம்மா படிக்காமல் இந்த வீட்டைத் தாண்டியதில்லை. இதையும் படித்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள். “கத்திக்குக் கைப்பிடி போடவா அவர் இதையெல்லாம் அனுப்பினாரு? பந்த நீங்க பரண்ல போட்டுட்டீங்கன்னு நான் நம்ம பொண்ணுகிட்ட போன்ல அழுதேன். அவ அத மாமனார்கிட்ட சொல்லிட்டா. அவர் அந்த பிசியோதெரபி அம்மாகிட்டயே போன்ல கேட்டு, எது எவ்வளவு தடிமன், எது எவ்வளவு கனம்னு அளந்து வெட்டி அனுப்பினாரு. நூறு தடவைங்கிறது அந்தம்மா கணக்கு” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு தேநீர் ஆறும் வரை இருந்தது. அதற்குள் அவள் பீரோவைத் திறந்து என் கத்தியை மேசையில் வைத்துவிட்டாள், கூடவே ஓர் ஆப்பிள். அதே வழுவழுப்பான எஃகுக் கைப்பிடிதான். தோல் ஒன்பது துண்டாக வந்தது. கத்தி விழவில்லை. முதல் துண்டை அவளுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மறுபடியும் சமையலறைக்குள் போனவள் இன்னும் வரவில்லை. எனவே மேலே எழுதிய முடிவை ரத்து செய்கிறேன். கைப்பிடி மாற்ற வேண்டாம். ஐந்து மாதிரியுமே சரியில்லை சம்பந்தி, ஒன்றுகூடத் தேறவில்லை. சிரமம் பாராமல் அடுத்த பெட்டியை அனுப்புங்கள், கொஞ்சம் கெட்டியானதாக.