சிலுப்ப மறுத்த சேவல்

எனக்கு வேலை கொடுக்க இருந்தவரின் கோழியை நான் ஒரு முறை வெட்டப் பார்த்தேன். தெரியாமல்தான். ஆனால் அதைத் தெரியாமல் செய்வதற்கும் ஒரு தனி முட்டாள்தனம் வேண்டும்; அது என்னிடம் தாராளமாக இருந்தது.

லுணுகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். அது கிடைத்தால் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிடலாம். அதற்காக, தேயிலை பெக்டரியைக் காக்கும் ரோதமுனி சாமிக்கு ஒரு சேவல் நேர்ந்திருந்தேன். (சேவல் எங்கிருந்து வரும் என்பதை முனியின் பொறுப்பிலேயே விட்டிருந்தேன்.)

நேர்முகத் தேர்வு நாள். காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், போஞ்சிக்கொடிப் பந்தலடியில் ஒரு பறவை. தலையில் பொன்னிறக் குடுமி, நெஞ்சு முழுக்கக் குங்குமச் சிவப்பு, என் கை நீளத்துக்கு வால். கோழி மாதிரிதான் கிளறியது. ஆனால் அப்படியொரு கோழியை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "டேய், முனியே சேவல அனுப்பிட்டாருடா!"

"வேல கெடச்ச பெறகு தர்றேன்னுதானம்மா வேண்டிக்கிட்டேன்?"

"அவரே அனுப்புறாருன்னா இப்பவே கேக்குறாருன்னு அர்த்தம். புடிடா!"

பிடித்தேன். போஞ்சிப் பந்தல் போயிற்று, சட்டையின் வெண்மையும் போயிற்று. மாமா கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். நேர்ந்த சேவலின் தலையில் மஞ்சத்தண்ணி தெளிப்போம். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது, வெட்டலாம். சிலுப்பும்வரை கத்தி தொடக்கூடாது.

தெளித்தோம். சிலுப்பவில்லை. ஒரு செம்பு ஊற்றினோம். பறவை எங்களை முறைத்துப் பார்த்தது, அவ்வளவுதான்.

"நீ கெளம்புடா, நேரமாச்சு. சிலுப்புனதும் நாங்க முடிச்சிர்றோம்" என்றார் மாமா. அதன்மேல் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆபீஸில் தோட்டத்து மேனேஜரான தொரை கேள்வியே கேட்கவில்லை. முகம் வாடியிருந்தது. சிங்களம் கலந்த தமிழில் சொன்னார்: "மன்னிக்கணும் தம்பி. இன்னைக்கி மனசு சரியில்ல. மகளோட கோல்டன் பெசன்ட் கோழி கூட்ட விட்டுப் போயிருச்சு. தங்கக் குடுமி, செவப்பு நெஞ்சு. சின்னப் புள்ள அழுதுகிட்டே இருக்கா."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். தொரையின் பார்வை மெல்ல என் தோளில் வந்து நின்றது. அங்கே ஒரு தங்க இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், ஜீப்ப எடுங்க சார்! சிலுப்புறதுக்குள்ள போகணும்!" என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை; ஆனாலும் எடுத்தார். வழி நெடுக, சாமி சம்மதிக்கவே கூடாது என்று அதே சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

லயத்து வாசலில் பாதித் தோட்டமே கூடியிருந்தது. நெற்றியில் திருநீறு, கழுத்தில் செவ்வந்தி மாலையோடு தொப்பலாக நனைந்து நின்றது பறவை.

"மூணு வாளி ஊத்திட்டோம், அசைய மாட்டேங்குதுடா" என்றார் அம்மா, களைத்துப்போய்.

தொரை ஓடிப்போய் அதை வாரி எடுத்தார். அவர் கை பட்டதுதான் தாமதம், தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்பு சிலுப்பியது பாருங்கள்! மூன்று வாளி மஞ்சத்தண்ணியும் தொரையின் முகத்தில்.

"உத்தரவு குடுத்துருச்சு!" என்று மாமா குதித்தார், கையில் கத்தியோடு.

தொரை முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன உத்தரவு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கு... வேல குடுக்கச் சொல்லி, சார்" என்றேன்.

அவர் கத்தியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வேலை கிடைத்தது. அம்மா கூடையை இறக்கி வைத்தார். முனிக்குத் தேங்காய்தான் உடைத்தேன்; சேவல் என்று பேச்செடுக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்றும் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் நான் உடனே பதில் சொல்வதில்லை. போன வாரம் மகள் புது போன் கேட்டாள். யோசிப்பது போல உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்து ஒரு டம்ளர் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். குளிரில் உடம்பு தானாகவே சிலுப்பிவிட்டது.

"அம்மா, அப்பா சரின்னுட்டாரு!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.