மடக்குக்கத்தி மாப்பிள்ளை

கிழக்குத் தாம்பரம்,
செவ்வாய்க்கிழமை காலை.

மிகுந்த அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் ஏசுபாதம் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். ஆண்டவருடைய கிருபையால் இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். மனதளவில் உங்கள் தங்கை சாராளும் மகள் பிளஸ்ஸியும் சுகம். நான் ஒருவன்தான் சுகமில்லை. நாசரேத்தில் நீங்களும் அக்காவும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று எழுதவும். போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை ஜேசனுக்கும் பிளஸ்ஸிக்கும் நம் சபையில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவதும் கடைசியுமான ஓலை. "இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா?" என்று போதகர் கேட்கும்போது நீங்கள் எழுந்து நின்று "உண்டு" என்று சொல்ல வேண்டும். நானே சொல்லலாம், ஆனால் நான் சபைச் செயலாளர், அந்த ஓலையை எழுதிக் கொடுத்தவனே நான்தான். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் நீங்கள், நிறுத்துவதும் நீங்களாக இருந்தால் பார்க்க மரியாதையாக இருக்கும்.

பையனைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை. நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை, குடி இல்லை, சிகரெட் இல்லை. கத்தி உண்டு என்பதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. ஒன்றல்ல மச்சான், பதினொன்று. எல்லாம் மடக்குக்கத்தி. முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது சாராள் ஆப்பிளையும் தட்டையும் வைத்துவிட்டுக் கத்தி எடுக்க உள்ளே போனாள், அவள் திரும்புவதற்குள் பையன் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்தான், டக்கென்று ஒரு சத்தம், ஆப்பிள் நாலு துண்டு. நான் சோபாவில் ஒரு சாண் பின்னால் நகர்ந்தேன். "பயப்படாதீங்க அங்கிள், எங்கிட்ட பதினொண்ணு இருக்கு, இது ஆப்பிள் கட் பண்ற கத்திதான்" என்றான். அப்படியானால் மற்ற பத்தும் எதைக் கட் பண்ண என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "இது ஒரு ஹாபி அங்கிள். எவ்ரிடே கேரின்னு பேரு. தினமும் நம்ம கூடவே இருக்கணும்" என்றான். விசுவாசி தினமும் சுமக்க வேண்டியது சிலுவை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் எஃகின் வகை, பூட்டின் வகை, பிடியின் வகை என்று எங்கேயோ போய்விட்டான். "ஒரே கையில திறக்கலாம் அங்கிள், பாருங்க" என்று கட்டைவிரலால் தள்ளித் தள்ளித் திறந்து காட்டினான். "அப்போ இன்னொரு கை என்ன பண்ணும் தம்பி?" என்று கேட்டேன். "ஃப்ரீயா இருக்கும் அங்கிள்" என்றான். இது ஒரு பதிலா? முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த நான் இப்படிப்பட்ட பதிலுக்கு அரை மார்க் போட்டதில்லை.

கிளம்பும்போது எனக்கென்று ஒரு குட்டிக் கத்தியை மடக்கி நீட்டினான். சாராள் பதறிப்போய், "ஐயோ, கையில குடுக்காதீங்க தம்பி, மேசையில வைங்க, அங்கிள் எடுத்துக்குவாங்க. கத்தியக் கைக்குக் கை குடுத்தா உறவு அந்துபோயிரும்" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "நாம விசுவாசிகள், இந்த மூடநம்பிக்கையெல்லாம் இந்த வீட்டுல கிடையாது" என்று பிரசங்கம் பண்ணிவிட்டுக் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்தது. சனி பிடித்தது என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் பிடித்ததற்கு வேறு பெயரும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் கல்யாணப் புடவை எடுக்கப் போனோம். கடை வாசலில் செக்யூரிட்டி கருவியை வைத்ததும் மாப்பிள்ளை உடம்பு முழுக்கக் கூவியது. பாக்கெட்டில் ஒன்று, பையில் ஒன்று, சாவிக்கொத்தில் ஒன்று. செக்யூரிட்டிக்காரர் மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்து, செருப்புக்குக் கொடுப்பது போல மூன்று டோக்கன் கொடுத்தார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றது யார் தெரியுமா? நம் போதகரின் மனைவி. "இவர்தான் மாப்பிள்ளையா?" என்று அவ்வளவு அன்பாகக் கேட்டார்கள். அந்த அன்பை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சாயந்தரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு தினகரன், ஜல்லி மணல் வியாபாரம் செய்கிறவர், காம்பவுண்டு மேல் சாய்ந்துகொண்டு, "இன்னா சார், ஐ.டி. பையன்னு சொன்னீங்க, மூணு கத்தி வெச்சிகினு சுத்தறானாமே? எந்த ஏரியா? சொல்லுங்க, நம்ம பசங்கள வுட்டு விசாரிப்போம்" என்று உதவிக்கு வந்தார்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிறு இரண்டாம் ஓலை முடிந்து மாப்பிள்ளை சாப்பிட வந்திருந்தான். தினகரன் படப்பை ஊர்ப் பக்கமிருந்து ஒரு பலாப்பழம் கொண்டுவந்து போட்டார். சரி, கத்திக்கு ஒரு வேலை வந்தது, தினகரனுக்கும் சந்தேகம் தெளியட்டும் என்று, "வெட்டுங்க மாப்பிள்ளை" என்றேன். பையன் முகம் வெளுத்துவிட்டது. "இதுலயா? பலாப்பால் பட்டா பிளேடு போயிரும் அங்கிள். இது என் ஃபேவரிட். இதால ஒரு பேப்பர் கூட வெட்டினதில்ல" என்று சொல்லி, ஒரு மஞ்சள் துணியை எடுத்துத் துடைத்து மடக்கி உள்ளே வைத்துக்கொண்டான். தினகரன் அவர் வீட்டு அரிவாள்மனையை எடுத்துவந்து வெட்டினார். வெட்டிக்கொண்டே, "இத்தினி கத்தி கீது, ஒரு பலாப்பழத்துக்கு வழியில்ல. இன்னாத்துக்கு சார் இந்த பேஜாரு?" என்றார். நான் சுளையிலிருந்து கொட்டையைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

வெட்டுகிறவன் என்று நினைத்துப் பயந்தேன். வெட்டாதவன் என்று தெரிந்ததும் அதைவிடப் பயம் வந்துவிட்டது மச்சான். ஒரு பலாப்பழத்துக்காகத் தன் செல்லப் பொருளை அழுக்காக்க மனம் வராதவன், நாளைக்கு என் பிள்ளைக்கு ஒன்றென்றால் எதை விட்டுக் கொடுப்பான்? எனக்கு இருப்பது ஒரே மகள். அவளிடம் சொன்னால் சிரிக்கிறாள். சாராளிடம் சொன்னால், "கைக்குக் கை வாங்கினது யாரு?" என்கிறாள். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஆளில்லை. சனிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் காலையில் தாம்பரத்திலேயே இறங்கி ஆராதனைக்கு வந்துவிடலாம். முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் முழங்காலையும் என் நெஞ்சையும் திடப்படுத்துவாராக.

இப்படிக்கு,
நம்பிக்கை அற்றுப்போன தங்கை புருஷன்,
சத்தியநாதன்

பின்குறிப்பு (புதன்கிழமை மத்தியானம்): ஒட்டின கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். கிழித்தது மாப்பிள்ளை கொடுத்த குட்டிக் கத்தியால்தான்; சாராளுக்குத் தெரியாமல், வாங்கின நாளிலிருந்து அது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. காலையில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட ஸ்கூட்டரில் கிளம்பினேன். அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்க மாப்பிள்ளை கேம்ப் ரோடு சந்திப்பில் காத்திருப்பதாகச் சொல்லி பிளஸ்ஸியும் பின்னால் ஏறிக்கொண்டாள். சந்திப்பில் திரும்பும்போது அவள் துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அவள் கத்தவில்லை மச்சான், அவளால் கத்த முடியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டேன், துணி இறுகியே இருந்தது. நான் இழுத்தேன், வரவில்லை, மறுபடி இழுத்தேன். என் சட்டைப் பையில் கத்தி இருந்த ஞாபகமே எனக்கு வரவில்லை. மாப்பிள்ளை எங்கிருந்து ஓடிவந்தார் என்று தெரியாது. டக்கென்று அந்தச் சத்தம் கேட்டது. இன்னொரு கை என்ன பண்ணும் என்று கேட்டேன் அல்லவா? அது என் மகள் கழுத்துக்கும் அந்தத் துணிக்கும் நடுவில் இருந்தது.

பிளஸ்ஸிக்குக் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். டாக்டர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெட்டியது அந்த ஃபேவரிட் கத்தி. சக்கரக் கம்பியில் இடித்து முனை போய்விட்டது. அது ரோட்டில் கிடந்தது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் பொறுக்கி எடுத்தேன்.

புதிதாக எழுத உட்கார்ந்தால் இன்றைய தபால் போய்விடும், அதனால் இதையே அனுப்புகிறேன். மேலே உள்ளதை மறந்துவிடவும். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும். போதகர் கேட்கும்போது உட்கார்ந்தே இருக்கவும். முழங்கால் மரத்துப்போனாலும் எழுந்து நிற்க வேண்டாம். வரும்போது நல்ல சாணைக்கல் ஒன்று வாங்கி வரவும்.

இன்னொன்று. சற்று முன் சாராள் சமையலறையில் இருந்தபோது குட்டிக் கத்தியை மேசையில் வைத்து, மாப்பிள்ளையை எடுக்கச் சொல்லி, மறுபடி மேசையிலேயே வைக்கச் சொல்லி, நான் எடுத்துக்கொண்டேன். நம்பிக்கையெல்லாம் ஒன்றுமில்லை. சபையில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.